வளையச் சீலின் வீடு எது: கடலா, பனிக்கட்டியா, வெண்பனியா?

தலவாக்கலை ஆசிரியை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். தலவாக்கலைக்கு அருகில் உள்ள ஒரு தோட்டப் பாடசாலையில் நான் விஞ்ஞானம் கற்பிக்கிறேன். கடந்த வாரம் தரம் 10 மாணவர்களுக்கு விலங்குகளின் இசைவாக்கம் பற்றிச் சொல்லும்போது, வடதுருவக் கடலில் வாழும் வளையச் சீலை எடுத்துக்காட்டாகக் கூறினேன். அது பனிக்குள் வாழ்கிறது, பனியில் துளையிட்டு மூச்சு விடுகிறது, பனிக்குள்ளேயே குட்டி ஈனுகிறது என்று சொல்லிக்கொண்டு போனபோது, பின்வரிசையில் இருந்த ஒரு பிள்ளை எழுந்து, "டீச்சர், தை மாதம் நுவரெலியாவில் கொழுந்தின் மேல் விழுகிற பனியா அது? அதற்குள் ஒரு விலங்கு எப்படி வீடு கட்டும்?" என்று கேட்டாள்.

கேள்வி சரியானது. என் விடைதான் சரியாக இல்லை. கடலின் மேல் உறைந்த தட்டையும், அதன் மேல் விழுந்து கிடக்கும் தூளையும், நம் ஊர்ப் புல்லில் காணும் வெண்மையையும் ஒரே சொல்லால் சொல்லிப் பிள்ளைகளைக் குழப்பிவிட்டேன் என்பது வீட்டுக்கு வந்த பிறகுதான் புரிந்தது. அடுத்த பாடத்தில் திருத்திச் சொல்ல விரும்புகிறேன். இந்த விலங்கு மூச்சு விடும் துளை எதில் இருக்கிறது, குட்டி ஈனும் அறை எதில் இருக்கிறது, இரண்டுக்கும் என்ன தொடர்பு என்பதை அறிந்தவர்கள் விரிவாக எழுதினால் பேருதவியாக இருக்கும்.

லிந்துலை வாசகர் எழுதியது:

ஆசிரியை அவர்களே, முதலில் சொற்களைப் பிரித்துக்கொள்வோம். தமிழில் பனி என்பது குளிரோடு வரும் எல்லாவற்றுக்கும் பொதுப்பெயர். முன்பனிக் காலம், பின்பனிக் காலம் என்று பருவத்துக்கே அந்தப் பெயரை வைத்தோம். மலையில் மாலையில் இறங்கும் மூட்டத்தையும் பனி என்கிறோம், காலையில் இலையில் நிற்கும் துளியையும் பனி என்கிறோம். நம் தேவைக்கு அது போதுமானதாக இருந்தது. வடதுருவத்தைப் பற்றிப் பேசும்போது போதவில்லை.

கடல்நீர் உறைந்து தட்டாக நிற்பதைக் கடற்பனிக்கட்டி என்றும், வானத்திலிருந்து தூளாக விழுந்து குவிவதை வெண்பனி என்றும், ஈரக்காற்று குளிர்ந்த இலையில் படிந்து உறைவதை உறைபனி என்றும் வைத்துக்கொண்டால் இந்த இழை முழுவதும் குழப்பமின்றிப் பேசலாம். நுவரெலியாவில் நாம் காண்பது மூன்றாவது.

இன்னொன்று. சீலைக் கடல்நாய் என்று எழுதுவோரும் உண்டு, அது பிழையில்லை. ஆனால் பிள்ளைகள் அதை நீர்நாயோடு சேர்த்துவிடுகிறார்கள். நீர்நாய் நம் மலை ஓடைகளிலும் ஹோர்ட்டன் சமவெளியிலும் திரியும் வேறொரு விலங்கு. அதற்கு நான்கு கால்களும் நீண்ட வாலும் உண்டு, நிலத்தில் ஓடும். சீலின் கால்கள் துடுப்புகளாக மாறியவை. ஆகவே சீல் என்றே எழுதுவது நல்லது என்பது என் கருத்து.

வடக்கே போன பதுளையான் எழுதியது:

லிந்துலை ஐயா பிரித்துக் கொடுத்த மூன்று சொற்களையே பயன்படுத்துகிறேன். பதுளையில் பிறந்து வளர்ந்து, இப்போது நோர்வேயின் வடக்கில் ட்ரோம்சோ நகரில் வேலை செய்கிறேன். நான் விலங்கியல் படித்தவன் அல்லன், ஆனால் இந்த விலங்குகளைப் பற்றி வாசிப்பதைப் பல ஆண்டுகளாக விடவில்லை.

வளையச் சீல் ஆர்க்டிக் சீல்களில் மிகச் சிறியது. வளர்ந்த விலங்கு சுமார் ஒன்றரை மீட்டருக்கு உட்பட்ட நீளமும், பெரும்பாலும் 50 முதல் 70 கிலோ வரை எடையும் கொண்டது, அதாவது ஒரு மனிதரின் எடைதான். கருமையான முதுகில் வெளிர்சாம்பல் வளையங்கள் இருப்பதால் அந்தப் பெயர். ஆனால் அதன் தனித்தன்மை தோலில் இல்லை, முன் துடுப்புகளில் உள்ள தடித்த நகங்களில் இருக்கிறது. கரையோடு ஒட்டி அசையாமல் நிற்கும் கடற்பனிக்கட்டியின் நடுவே, திறந்த நீரே இல்லாத இடத்தில், முழுக் குளிர்காலத்தையும் கழிக்க இந்தச் சீலால் முடிவது அந்த நகங்களால்தான்.

இலையுதிர் காலத்தில் கடல் உறையத் தொடங்கும்போது பனிக்கட்டி மெல்லியதாக இருக்கும். சீல் தலையால் முட்டி அதை உடைத்து மூச்சு எடுக்கும். பிறகு அதே இடத்துக்குத் திரும்பத் திரும்ப வந்து, ஓரங்களை நகங்களால் சுரண்டிக்கொண்டே இருக்கும். பனிக்கட்டி தடிக்கத் தடிக்க அந்தத் துளையும் நீள்கிறது. இரண்டு மீட்டர் தடிப்புள்ள பனிக்கட்டியிலும் துளைகள் அடைபடாமல் நிற்கின்றன. கீழே சீலின் உடல் நுழையும் அளவுக்கு அகன்றும், மேலே ஒடுங்கியும் இருக்கும் இந்தத் துளையை, வடதுருவப் பகுதியின் பழங்குடிகளான இனுயிட் மக்கள் அக்லு என்கிறார்கள். ஒரு சீல் ஒன்றை மட்டும் நம்பியிருப்பதில்லை, பலவற்றைப் பராமரிக்கும். ஒன்றின் அருகே வெண்கரடி காத்திருந்தால் வேறொன்றுக்குப் போகலாம். ஆசிரியை அவர்களே, மூச்சுத் துளை இருப்பது கடற்பனிக்கட்டியில்.

வீடு இருப்பது அதற்கு மேலே. காற்று வெண்பனியை அடித்துக்கொண்டு போய், பனிக்கட்டி நொறுங்கி எழுந்த மேடுகளின் ஓரத்தில் குவிக்கிறது. நம் ஊரில் மதகின் வாயில் சருகு குவிவதை நினைத்துக்கொள்ளுங்கள். அப்படிக் குவிந்த வெண்பனியின் அடியில் மூச்சுத் துளை ஒன்று இருந்தால், சீல் அதைப் பெரிதாக்கி, நீரிலிருந்து மேலேறி, குவியலின் உட்புறத்தைக் குடைந்து ஓர் அறையை உண்டாக்குகிறது. வெளியிலிருந்து பார்த்தால் எதுவும் தெரியாது. வாசல் கீழே, கடலுக்குள் திறக்கிறது. தரை பனிக்கட்டி, சுவரும் கூரையும் வெண்பனி. இந்த அறைகளைக் கனடாவில் ஆராய்ந்து தோமஸ் ஸ்மித், இயன் ஸ்டேர்லிங் ஆகிய இருவரும் 1975இல் வெளியிட்ட கட்டுரை இன்றும் இத்துறையில் அடிப்படையானது. ஓய்வுக்கு ஓர் அறை, குட்டி ஈனுவதற்கு வேறோர் அறை என்று அவற்றில் வகைகளும் உண்டு. குட்டி தங்கிய அறையில், தாய் இல்லாத நேரத்தில் அது தானாகச் சுவரைக் குடைந்த சிறு சுரங்கங்களும் காணப்படுகின்றன.

கூரை நிற்பதற்குக் குவியல் ஏறத்தாழ அரை மீட்டராவது ஆழமாக இருக்க வேண்டும். சமதரையில் விழும் வெண்பனி அந்த ஆழத்துக்கு வருவது அரிது. மேடும் காற்றும் சேர வேண்டும்.

கந்தப்பளை விவசாயி எழுதியது:

எனக்கு இதில் ஓர் ஐயம் உண்டு, அனுபவத்திலிருந்து கேட்கிறேன். கந்தப்பளையில் உருளைக்கிழங்கும் லீக்ஸும் பயிரிடுகிறேன். வானம் தெளிந்த தை மாத இரவில் உறைபனி படிந்தால், விடியுமுன் எழுந்து பாத்திகளுக்குத் தண்ணீர் தெளிப்போம். தெளிக்காமல் விட்டால், வெயில் பட்டபின் பார்க்கும்போது இலை கருகிப் போயிருக்கும். ஒருமுறை கோவா இலையின் மேல் படிந்திருந்ததை விரலால் தொட்டுப் பார்த்தேன். ஊசி ஊசியாக நின்றது, தொட்ட இடம் உடனே நீராகி, விரல் நுனி எரிந்தது. இலையைக் கொல்லும் இந்தக் குளிருக்குள் ஒரு குட்டி எப்படிச் சூடாக இருக்கும்? வெண்பனியும் அதே நீர்தானே?

வடக்கே போன பதுளையான் எழுதியது:

அண்ணா, நீர் ஒன்றுதான், அமைப்பு வேறு. உங்கள் இலையில் படிந்தது ஒரு மெல்லிய படலம். அதற்கும் வானத்துக்கும் நடுவே எதுவுமில்லை, ஆகவே இலையின் வெப்பம் தடையின்றி மேலே போய்விடுகிறது. குவிந்த வெண்பனி அப்படியல்ல. அதன் பருமனில் பெரும்பகுதி காற்றுதான், அந்தக் காற்று அசையாமல் அடைபட்டிருக்கிறது. கம்பளி ஏன் சூடாக இருக்கிறதோ அதே காரணம். நாற்றுகளின் மேல் நீங்கள் வைக்கோல் பரப்புவதும் அதே வேலையைத்தான் செய்கிறது.

கீழே உள்ள கடல்நீர் உப்பு கலந்திருப்பதால் மைனஸ் 1.8 பாகை செல்சியஸ் அளவில் உறைகிறது. அதாவது பனிக்கட்டிக்கு அடியில் நீர் அதைவிடக் குளிராக இருக்க முடியாது. வெளியே மைனஸ் 30 பாகையில் காற்று வீசும்போது, அந்த நீரின் வெப்பமும் சீலின் உடல் வெப்பமும் வெண்பனிக் கூரையால் தடுக்கப்பட்டு உள்ளே நிற்கின்றன. ஆகவே அறைக்குள் வெப்பநிலை உறைநிலையை ஒட்டியே இருக்கிறது. காற்றும் உள்ளே வீசுவதில்லை. எனக்கு இந்த விலங்கின் மேல் பிடிப்பு வந்ததே இந்த இடத்தில்தான்.

பண்டாரவளை உயிரியல் எழுதியது:

நான் உயர்தர வகுப்புக்கு உயிரியல் கற்பிப்பவள். குட்டியைப் பற்றி எழுத வேண்டும், ஏனெனில் வெண்பனி அறை ஏன் இவ்வளவு முக்கியம் என்பது குட்டியிடமிருந்துதான் விளங்கும்.

குட்டிகள் பெரும்பாலும் மார்ச், ஏப்ரல் மாதங்களில், நம் பங்குனி, சித்திரையில் பிறக்கின்றன. பிறக்கும்போது எடை நான்கு, ஐந்து கிலோதான். தோலுக்கு அடியில் கொழுப்பு மிகக் குறைவு. அதற்குப் பதிலாக நீண்ட வெண்ணிற மென்மயிர் போர்வை இருக்கிறது. அது காய்ந்திருக்கும்வரை நன்றாகக் காக்கும், நனைந்தால் பெரிதும் பயனற்றுப் போகும். நனைந்த குட்டி அறைக்குள் ஏறிவிட்டால் உடலை மீண்டும் சூடாக்கிக்கொள்ளலாம். திறந்த வெளியில், காற்றில், அதற்கு அந்த வாய்ப்பு இல்லை.

மற்றச் சீல்களோடு ஒப்பிட்டால் இது இன்னும் தெளிவாகும். மிதந்து அலையும் பனிக்கட்டிகளின் மேல் குட்டி ஈனும் முகமூடிச் சீல் நான்கே நாட்கள் பால் கொடுக்கிறது. முலையூட்டிகளிலேயே மிகக் குறுகிய பாலூட்டும் காலம் அதுதான். அதன் பாலில் ஏறத்தாழ 60 வீதம் கொழுப்பு. அந்த நான்கு நாட்களில் குட்டியின் எடை கிட்டத்தட்ட இரு மடங்காகிறது. காரணம் எளிது: எப்போது உடையும் என்று தெரியாத பனிக்கட்டியின் மேல், கூரை இல்லாத இடத்தில், தாய் நீண்ட நாள் நிற்க முடியாது. யாழ்ச் சீல் பன்னிரண்டு நாள் அளவில் முடித்துவிடுகிறது. வளையச் சீலோ ஏறக்குறைய ஆறு வாரங்கள் பாலூட்டுகிறது. அசையாத பனிக்கட்டியும் மறைவான அறையும் இருப்பதால்தான் அந்த நிதானம் அதற்குக் கிடைக்கிறது. தாய் சிறிய உடலினள், சேமித்த கொழுப்பை மட்டும் நம்பி ஆறு வாரம் தாக்குப்பிடிக்க முடியாது. ஆகவே இடையிடையே கடலுக்குள் இறங்கி இரை தேடி வருகிறாள். குட்டி இருபது கிலோ அளவுக்கு வந்ததும் பால் நிற்கிறது.

அந்த வாரங்களில் குட்டியும் சும்மா படுத்திருப்பதில்லை. கருவிகளைப் பொருத்திப் பின்தொடர்ந்தபோது, பால் குடிக்கும் பருவத்திலேயே நேரத்தின் ஏறத்தாழப் பாதியை அது நீருக்குள் கழிப்பதும், பல மூச்சுத் துளைகளை அறிந்து பயன்படுத்துவதும் தெரியவந்தன. இது ஏன் என்று மாணவர்களைக் கேட்டால் அவர்களே விடை சொல்லிவிடுவார்கள். வெண்கரடி பின்னங்கால்களில் எழுந்து, முழுப் பாரத்தையும் முன்னங்கால்களில் போட்டுக் கூரையை உடைக்கும்போது, ஒரு நொடியில் துளைக்குள் இறங்கத் தெரிந்த குட்டிதான் பிழைக்கும். ஆர்க்டிக் நரியும் தோண்டி வந்து குட்டிகளைப் பிடிக்கிறது. தாய்க்குப் பல அறைகள் இருக்கின்றன. ஆபத்து வந்தால் குட்டியை ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு, நீருக்கு அடியால், கொண்டுபோய்விடுகிறாள்.

இனப்பெருக்கத்தில் இன்னொரு நுட்பமும் உண்டு. பாலூட்டும் காலத்தின் இறுதியை ஒட்டியே தாய் மீண்டும் இணைசேர்கிறது. ஆனால் உருவான முளையம் உடனே கருப்பைச் சுவரில் பதிவதில்லை, ஏறத்தாழ மூன்று மாதம் வளர்ச்சியின்றிக் காத்திருக்கிறது. இதைத் தாமதித்த உட்பதித்தல் என்கிறோம். அதனால் கருவுற்றதிலிருந்து பிறப்பு வரை சுமார் பதினொரு மாதம் ஆகிறது, பிறப்பு மீண்டும் அதே வசந்தத்தில், வெண்பனி மிக ஆழமாகக் கிடக்கும் காலத்தில் நிகழ்கிறது. அந்தப் பருவத்தில் ஆண் சீலின் முகம் கறுத்து, உடலிலிருந்து பெற்றோல் போன்ற கடும் வாடை வீசுகிறது. இனுயிட் மொழியில் அத்தகைய ஆணுக்குத் தனிப்பெயரே உண்டு.

ஹட்டன் மாணவி எழுதியது:

டீச்சருக்கு நன்றி. நான் உயர்தரம் உயிரியல் பிரிவில் படிக்கிறேன். வடதுருவத்தில் குளிர்காலம் முழுவதும் இருள் என்று படித்திருக்கிறோம். அதற்கு மேல் இரண்டு மீட்டர் பனிக்கட்டி, அதற்கும் மேல் வெண்பனி. அந்த இருட்டில் சீல் எப்படி இரை தேடுகிறது? தன் துளையை எப்படித் திரும்பக் கண்டுபிடிக்கிறது?

வடக்கே போன பதுளையான் எழுதியது:

தங்கச்சி, மீசையால் என்பது விடையின் பெரும்பகுதி. இதில் மிக முக்கியமான ஆய்வு பின்லாந்தில் நடந்தது. அங்கே சைமா என்ற ஏரியில் வளையச் சீலின் ஒரு கிளையினம் கடலையே காணாமல் வாழ்கிறது. ஹைவாரினென் என்ற ஆய்வாளர் 1989இல் அந்தச் சீலின் மீசை மயிர்களின் அடியை ஆராய்ந்து, ஒவ்வொரு மயிருக்கும் வந்து சேரும் நரம்பிழைகள் நிலவாழ் முலையூட்டிகளின் மீசையில் இருப்பதைவிடப் பத்து மடங்குக்கு மேல் என்று காட்டினார். மீன் நீந்திச் சென்ற பிறகும் நீரில் சிறு சுழிகள் நிற்கும். அந்த அசைவை மீசை வாங்கிக்கொள்கிறது. பார்வையிழந்த சீல்கள் நல்ல உடல்நிலையில் வாழ்வது காணப்பட்டிருப்பதும் இதற்குப் பொருந்துகிறது. பகல் வெளிச்சம் இருக்கும்போது கண்ணும் உதவுகிறது.

நேரில் கண்டதைச் சொல்கிறேன். ட்ரோம்சோவில் தாடிச் சீல்களை ஒரு காட்சியகத்தில் வைத்திருக்கிறார்கள். வளையச் சீலின் உறவு, ஆனால் பல மடங்கு பெரியது. ஒன்று கரையேறிக் கிடந்தபோது கண்ணாடிக்கு அப்பால் ஓரடி தூரத்தில் நின்று பார்த்தேன். நீரில் இருந்து வந்தவுடன் மீசை நேராக, தடித்து, ஈர்க்குக் கட்டு போலத் தொங்கியது. பத்து நிமிடத்துக்குள் காயத் தொடங்கியதும் ஒவ்வொரு மயிரும் நுனியிலிருந்து சுருண்டு, அழகாக முறுக்கிவிட்ட மீசையாகிவிட்டது. பராமரிப்பாளர் ஒரு மீனை நீருக்குள் அசைத்ததும் அது இறங்கியது. கண்களைத் திருப்புவதற்கு முன்பே மீசை முழுவதும் முன்னோக்கி விரிந்ததைக் கண்டேன். அன்றிரவு நெடுநேரம் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

முக்குளிப்பைப் பொறுத்தவரை வளையச் சீல் பெரும்பாலும் பத்து நிமிடத்துக்கு உட்பட்டே மூழ்கியிருக்கும், தேவைப்பட்டால் அதைவிட நீண்ட நேரமும் முடியும். ஒட்சிசனை அது பெரும்பாலும் நுரையீரலில் கொண்டுபோவதில்லை. குருதியிலும், தசையில் உள்ள மயோகுளோபின் என்ற புரதத்திலும் சேமித்துக்கொள்கிறது. மூழ்கியவுடன் இதயத் துடிப்பு வெகுவாகக் குறைந்து, குருதி மூளை போன்ற இன்றியமையாத உறுப்புகளுக்கே பெரும்பாலும் செல்கிறது. இரை பெரும்பாலும் பனிக்கட்டியின் அடிப்புறத்தை ஒட்டி வாழும் ஆர்க்டிக் கொட் மீனும், இறால் போன்ற சிறு ஓட்டுயிர்களும்.

மஸ்கெலியா வாசகன் எழுதியது:

எல்லாம் நன்று. ஆனால் உலகம் வெப்பமாவதால் சீல் அழியும் என்று பலர் சொல்வதை நான் ஏற்கவில்லை. அது நீரில் வாழ்வது. பனிக்கட்டி உருகினால் துளை குடைய வேண்டிய வேலையே இல்லை, எங்கும் மூச்சு விடலாம். கூடவே வெண்கரடிக்கும் நிற்க இடமிருக்காது. சீலுக்கு அது நல்லதுதானே?

பண்டாரவளை உயிரியல் எழுதியது:

மூச்சு விடுவது மட்டும் வாழ்க்கையாக இருந்தால் நீங்கள் சொல்வது சரி. வளர்ந்த சீல் கோடையில் திறந்த கடலில் நன்றாகவே வாழ்கிறது. குட்டி எங்கே பிறக்கும் என்பதுதான் கேள்வி. வளையச் சீல் வழக்கமாகக் குட்டி ஈனுவது பனிக்கட்டியின் மேல், அதுவும் வெண்பனிக் கூரையின் கீழ்.

இங்கே பலர் கவனிக்காத ஒரு படி இருக்கிறது. ஆர்க்டிக் பகுதியில் வெண்பனியின் பெரும்பங்கு இலையுதிர் காலத்திலும் குளிர்காலத் தொடக்கத்திலும் விழுகிறது. கடல் முன்னதாக உறைந்திருந்தால் அது பனிக்கட்டியின் மேல் தங்கும். கடல் உறைவதற்குத் தாமதமானால், அந்த வெண்பனி முழுவதும் திறந்த நீரில் விழுந்து கரைந்துபோகும். பிறகு குளிர்காலத்தின் நடுவில் பனிக்கட்டி உருவானாலும், அதன் மேல் அறை குடையும் அளவுக்குக் குவியல் இருக்காது. வரைபடத்தில் பார்த்தால் கடல் வெள்ளையாகத்தான் தெரியும், ஆனால் சீலுக்கு அங்கே வீடு இல்லை. பனிக்கட்டி எவ்வளவு பரப்பில் இருக்கிறது என்று மட்டும் கேட்பது போதாது என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

இரண்டாவது, மழை. 1979 ஏப்ரலில் கனடாவின் பஃபின் தீவின் தென்கிழக்குக் கரையில் பருவத்துக்கு முன்பே மழை பெய்து வெண்பனிக் கூரைகள் கரைந்தன. குட்டிகள் பனிக்கட்டியின் மேல் மறைப்பின்றிக் கிடந்தன, வெண்கரடிகள் அவற்றை எளிதாகப் பிடித்தன. நான் முன்பு குறிப்பிட்ட நனைந்த மயிர்ப் போர்வையை இங்கே நினைத்துப் பாருங்கள். அன்று அதை ஆவணப்படுத்தியவர்களும் ஸ்டேர்லிங்கும் ஸ்மித்தும்தான். 2004இல் வெளியிட்டபோது, வெப்பம் கூடும் காலத்தில் இத்தகைய மழைகள் பெருகும் என்று எச்சரித்தார்கள். நோர்வேயின் ஸ்வால்பார்ட் தீவுக்கூட்டத்தின் மேற்குக் கரைக் குடாக்களில் 2006 முதல் பனிக்கட்டி சடுதியாகக் குறைந்துவிட்டது. அங்கே குட்டிகள் அறையின்றித் திறந்த பனிக்கட்டியில் பிறப்பதும், கடற்காகங்கள்கூட அவற்றைத் தாக்குவதும் பதிவாகியுள்ளன.

இனம் இன்றே அழிவின் விளிம்பில் நிற்கிறது என்று நான் சொல்லவில்லை. ஆர்க்டிக் முழுவதும் இன்னும் பத்து இலட்சத்துக்கு மேற்பட்டவை இருக்கின்றன. ஆயினும் அமெரிக்க அரசு 2012 டிசம்பரில் ஆர்க்டிக் கிளையினத்தை அச்சுறுத்தலுக்குள்ளானதாகப் பட்டியலிட்டதற்கு முதன்மையான காரணம், அன்றைய எண்ணிக்கை அல்ல, இந்த நூற்றாண்டில் குறையப்போகும் பனிக்கட்டியும் வெண்பனியும்தான்.

மஸ்கெலியா வாசகன் எழுதியது:

கடல் பிந்தி உறைந்தால் வெண்பனி நீரில் விழுந்து வீணாகும் என்பதை நான் நினைத்துப் பார்த்ததே இல்லை. ஏற்றுக்கொள்கிறேன். இன்னொன்று கேட்கிறேன், கோபிக்க வேண்டாம். இவ்வளவு இடருக்குள் வாழும் விலங்கை அங்குள்ள மனிதர்கள் வேட்டையாடுவதை எப்படி நியாயப்படுத்துவது?

வடக்கே போன பதுளையான் எழுதியது:

நியாயமான கேள்வி, ஆனால் இரண்டு வேட்டைகளைப் பிரித்துப் பார்க்க வேண்டும். சீல் வேட்டைக்கு எதிராக உலகத்தை உலுக்கிய படங்களில் இருந்தவை யாழ்ச் சீலின் வெண்குட்டிகள். அவற்றின் தோலை இறக்குமதி செய்வதை ஐரோப்பியச் சமூகம் 1983இல் தடைசெய்தது. வளையச் சீலை இனுயிட் மக்கள் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக உணவுக்காக வேட்டையாடி வந்திருக்கிறார்கள். மரமும் பயிரும் இல்லாத அந்த நிலத்தில் இறைச்சி, உடை, கல்விளக்கில் எரிக்கும் எண்ணெய் எல்லாம் இதிலிருந்துதான் வந்தன. தங்கள் தொழிலோடு தொடர்பில்லாத ஒரு வேட்டையின் மீதான கோபத்தால் தோல் விலை வீழ்ந்து, அவர்களுடைய குடும்பங்கள் வருமானம் இழந்தன. தேயிலையின் விலை எங்கோ ஒரு சந்தையில் விழும்போது யாருடைய அடுப்பு அணைகிறது என்பதை அறிந்த நமக்கு இது விளங்காமல் போகாது. 2009இல் ஐரோப்பிய ஒன்றியம் கொண்டுவந்த விரிவான தடையில் இனுயிட் மக்களின் வேட்டைக்கு விலக்கு வைத்தார்கள்.

வெண்பனி அறைகளைப் பற்றி ஆய்வாளர்கள் எழுதியவற்றில் பெரும்பகுதி, வேட்டைக்காரர்கள் தலைமுறையாக அறிந்திருந்ததுதான் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

கந்தப்பளை விவசாயி எழுதியது:

பின்லாந்து ஏரிச் சீலைப் பற்றித் தம்பி சொன்னது மனதில் நிற்கிறது. வெண்பனி விழாத ஆண்டில் அந்த ஏரியில் என்ன செய்வார்கள்?

வடக்கே போன பதுளையான் எழுதியது:

மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போகிறார்கள், அண்ணா. மிகையாகச் சொல்லவில்லை.

பனியுகத்தின் முடிவில் நிலம் உயர்ந்தபோது கடலிலிருந்து பிரிந்துபோன சீல்களின் வழிவந்தவை சைமா ஏரியில் இருப்பவை. 1980களின் தொடக்கத்தில் இருநூறுக்கும் குறைவாகவே எஞ்சியிருந்தன. இப்போது ஏறத்தாழ ஐந்நூறு இருக்கின்றன. கடலில் பனிக்கட்டி மேடுகள் செய்யும் வேலையை அங்கே ஏரிக்கரை செய்கிறது. காற்று வெண்பனியைத் தீவுகளின் கரையோரமாகக் குவிக்க, சீல் அதன் கீழே அறை குடைகிறது. 2014இன் குளிர்காலத்தில் வெண்பனி போதவில்லை. ஆய்வாளர்களும் தொண்டர்களும் சீல் வழக்கமாக ஈனும் கரைகளுக்குப் போய், உறைந்த ஏரியின் மேல் கிடந்த சொற்ப வெண்பனியை வாரிக் குவித்து மேடுகள் அமைத்தார்கள். அறையை அவர்கள் குடையவில்லை, குவியலை மட்டும் செய்துவிட்டு விலகிக்கொண்டார்கள். சீல்கள் கீழிருந்து வந்து குடைந்து, அவற்றுக்குள் குட்டி ஈன்றன. அந்த ஆண்டில் கணக்கெடுக்கப்பட்ட குட்டிகளில் மிகப் பெரும்பாலானவை அப்படி மனிதர் குவித்த மேடுகளில் பிறந்தவை.

வெண்பனி மட்டும் போதாது, நீர்மட்டமும் நிலையாக நிற்க வேண்டும். குளிர்காலத்தின் நடுவில் ஏரியின் நீர் இறங்கினால் கரையோரப் பனிக்கட்டி தாழ்ந்து உடைந்து, அறையும் சேர்ந்து சரியும். மவுஸ்ஸாக்கலை நீர்த்தேக்கம் வற்றும்போது பழைய கோயில் வெளியே வருவதைக் கண்டவர்களுக்கு நீர்மட்டம் எவ்வளவு இறங்கும் என்று சொல்லத் தேவையில்லை. ஆகவே சைமாவில் சீலின் ஈனும் பருவத்தைக் கருத்தில் கொண்டு நீர்மட்டத்தைக் கையாள்கிறார்கள். பால் மறந்த குட்டிகள் மீன்வலையில் சிக்கி மூழ்கிச் சாகாமலிருக்க, ஏப்ரல் நடுப்பகுதியிலிருந்து ஜூன் இறுதி வரை வலை போடுவதையும் அந்தப் பகுதிகளில் கட்டுப்படுத்தியிருக்கிறார்கள்.

லிந்துலை வாசகர் எழுதியது:

எழுபது வயதில் ஒரு புதிய செய்தி. ஓர் ஏரிக்கரையில், கொட்டும் குளிரில், எந்த விலங்குக்கு வேலை செய்கிறோமோ அதைக் காணாமலே வெண்பனியைக் குவித்துவிட்டு வீடு திரும்பும் அந்த மனிதர்களை நினைக்கிறேன். அவர்களுக்கு என் வணக்கம்.

தலவாக்கலை ஆசிரியை எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. இன்று வகுப்பில் கரும்பலகையைக் குறுக்காகப் பிரித்து, கீழே கடல், நடுவே கடற்பனிக்கட்டி, மேலே வெண்பனி என்று மூன்று பட்டைகளாக வரைந்தேன். நடுப்பட்டையில் துளையையும் மேற்பட்டையில் அறையையும் மாணவர்களே வந்து வரைந்தார்கள். கேள்வி கேட்ட பிள்ளை அடிமட்டத்தைத் தரையில் நிறுத்தி அரை மீட்டரை அளந்து பார்த்து, "டீச்சர், என் முழங்காலுக்குக் கொஞ்சம் மேலேதான் வருகிறது, இவ்வளவுதானா?" என்று கேட்டாள். இவ்வளவுதான் என்றேன். பிறகு அவள் கேட்ட இன்னொரு கேள்விக்கு விடை தெரியாமல் இங்கே கொண்டுவந்திருக்கிறேன். குட்டி அறையை விட்டு எப்போது வெளியே வரும்? வந்தபின் அதன் நிறம் என்ன?

பண்டாரவளை உயிரியல் எழுதியது:

வசந்தத்தின் கடைசியில், மே மாதத்திலும் ஜூன் தொடக்கத்திலும், வெண்பனி உருகி அறைகளின் கூரைகள் தாமாகவே இடிந்து விழுகின்றன. வளர்ந்த சீல்கள் அப்போது பனிக்கட்டியின் மேல் வெயிலில் கிடந்து பழைய மயிரை உதிர்க்கின்றன. அந்த வாரங்களில் மிகக் குறைவாகவே உண்ணும், உடல் மெலியும். ஒரு நிமிடம் உறங்கித் தலையைத் தூக்கி நாற்புறமும் பார்த்து மறுபடி உறங்கும். குட்டி அதற்குள் வெண்மயிரை இழந்திருக்கும். ஆறாவது வாரத்தையொட்டி அது உதிர்ந்து, அடியிலிருந்து பளபளப்பான வெள்ளிச் சாம்பல் நிற மயிர் வந்துவிடும், வயிற்றுப்புறம் இன்னும் வெளிறியிருக்கும். உங்கள் மாணவி படம் வரைவதாக இருந்தால் ஒன்றை மட்டும் சொல்லுங்கள்: அந்தக் குட்டியின் முதுகில் வளையங்களைப் போட வேண்டாம், அவை பின்னர்தான் தோன்றும்.